வேலை தேடும் நாட்களில் ஜப்பானிய மொழி: பாபநாசம் வட்டார மாணவருக்கு

பாபநாசம், வி.கே.புரம், அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கல்லூரியில் கடைசி ஆண்டு படிப்பவர்களுக்காகவும், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவும், பிளஸ் டூ முடித்து அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்காகவும் இந்த அத்தியாயம். ஜப்பானிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கலாமா, படிக்கிற காலத்தில் வேலை தேடுவதை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். கையில் இருக்கிற, அல்லது முடிக்கப் போகிற பட்டத்தை விட்டுவிடாதீர்கள். அதோடு சேர்த்து ஜப்பானிய மொழியை, ஜேஎல்பிடி என்னும் மொழித் திறன் தேர்வின் நடு நிலையான என்3 வரை கொண்டுபோங்கள். மொழியையே முழுநேரப் பட்டமாக எடுப்பது சிலருக்கு மட்டும் பொருந்தும். அந்தச் சிலர் யார் என்பதையும் சொல்கிறேன்.

வீட்டில் கேட்கப்போகும் முதல் கேள்வி, "அதப் படிச்சா சோறு போடுமா?" என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆலை வேலை, பீடி சுற்றல், வயல் என்று உழைத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகள் நம்முடையவை. எனவே கணக்கோடு பதில் சொல்வோம்.

ஜப்பானில் வேலை செய்யும் வயதினர் குறைந்துகொண்டே போகிறார்கள். 2024 அக்டோபர் கணக்கின்படி அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவர் 23 லட்சம் பேர். 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன்' என்ற புதிய விசா வகையைத் தொடங்கினார்கள். 2024இல், அடுத்த ஐந்தாண்டில் இந்த வகையில் மட்டும் 8,20,000 பேர் வரை எடுக்கலாம் என்று அந்நாட்டு அமைச்சரவை முடிவு செய்தது. 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி டோக்கியோ போனபோது, ஐந்தாண்டில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் திறன் பெற்ற இந்தியர் 50,000 பேர் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2024 இறுதியில் ஜப்பானில் வசித்த இந்தியர் ஐம்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்கள்தான். அத்தனை பெரிய நாட்டில் நம்மவர் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு மொழியே பெரிய காரணம். மொழி தெரிந்தவருக்குப் போட்டி குறைவு என்பதும் அதனால்தான்.

உள்ளூர் வேலையையும் மறந்துவிட வேண்டாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளில் யமஹா, கோமட்சு போன்ற ஜப்பானிய ஆலைகள் இருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்கு ஜப்பானிய வாடிக்கையாளர்கள் உண்டு. டிசிஎஸ் 2014இல் மித்சுபிஷியோடு சேர்ந்து ஜப்பானில் கூட்டு நிறுவனமே தொடங்கியது. நமக்கு இன்னும் பக்கத்தில், தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோவுக்கு ஜப்பானில் தனிக் கிளை இருக்கிறது. தாமிரபரணிக் கரையை விட்டு வெகுதூரம் போகாமலேயே ஜப்பானியரோடு வேலை செய்யும் வாய்ப்பு ஒருவருக்கு அமையக்கூடும்.

எந்தப் பட்டம்?

இங்கேதான் பலர் திசை மாறிப் போகிறார்கள். ஜப்பானில் அலுவலக வேலை, மென்பொருள், பொறியியல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குத் தரும் விசாவுக்குப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லாதவர் பொதுவாகப் பத்தாண்டு அனுபவம் காட்ட வேண்டும். செய்யப்போகும் வேலைக்கும் படித்த பாடத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆனால் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்பு, மொழி கற்பித்தல் ஆகிய வேலைகளுக்குப் பட்டதாரியாக இருந்தால் போதும், பாடம் எதுவானாலும் ஏற்பார்கள். அதாவது பி.காம். படித்தவர் கணக்குப் பிரிவு வேலைக்குப் போகலாம். பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவர் மென்பொருள் வேலைக்குப் போகலாம். இருவருக்கும் மொழி தெரிந்தால் மொழிபெயர்ப்பு வேலைக்கும் வழி உண்டு. பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரியிலோ அம்பையிலோ பாளையங்கோட்டையிலோ நீங்கள் வாங்கப்போகும் பட்டம் விசா அதிகாரியின் முன் முழு மதிப்புள்ள பட்டம். "ஜப்பான் போறதுக்கு இந்தப் படிப்பு உதவாது" என்று யாராவது சொல்லி, இரண்டாம் ஆண்டில் கல்லூரியை விட்டு மொழிப் பள்ளியில் சேர்ந்தால், உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய தகுதியை நீங்களே தூக்கி எறிகிறீர்கள்.

ஜப்பானிய மொழியிலேயே பட்டம் வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். நம் வட்டாரக் கல்லூரிகளில் அந்தப் படிப்பு இல்லை. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. ஆனர்சும் எம்.ஏ.வும் உண்டு. ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. சாந்திநிகேதனில் விஸ்வபாரதியின் நிப்பான் பவனம் இருக்கிறது. புனேயில் திலக் மகாராஷ்டிர வித்யாபீடம் இருக்கிறது. முதல் மூன்றும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, விடுதியும் உண்டு. ஜேஎன்யு இளநிலைச் சேர்க்கை க்யூட் நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் மொழிப் படிப்புகளுக்கு எந்தெந்தத் தாள் எழுத வேண்டும் என்பது ஆண்டுக்காண்டு மாறலாம். விண்ணப்பிக்கும் ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டைப் பார்த்துத் தாள்களைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பாதை யாருக்கு? மொழிபெயர்ப்பாளராகவோ ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ வாழ்க்கையை அமைக்க நினைப்பவருக்கு. தமிழ்க் கல்வெட்டுகளை ஆராய நொபொரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தமிழுக்குக் காட்டிய ஈடுபாட்டை ஜப்பானிய மொழிக்குக் காட்டத் தயாராக இருக்கும் பையனோ பெண்ணோ டெல்லிக்கு ரயில் ஏறட்டும், நான் தடுக்க மாட்டேன். அவர்களுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. ஜப்பானிய அரசின் கல்வி அமைச்சகம் தரும் உதவித்தொகைகளில் ஒன்று, ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய மொழியை முதன்மைப் பாடமாகப் படிக்கும் இளநிலை மாணவரை ஓராண்டு அங்கே அழைத்துப் படிக்க வைக்கிறது. பி.காம். மாணவருக்கு அது கிடைக்காது. முதுநிலை ஆய்வுக்கான உதவித்தொகை வேறு. அதற்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு 35க்குள். தமிழ்நாட்டவர் இவற்றைச் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் அறிவிப்புகளில் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டம் முடித்து வேலை தேடுகிறவர் இன்னொரு முழுநேரப் பட்டத்துக்காக மூன்று நான்கு ஆண்டு செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சான்றிதழுக்காகப் படித்தே ஆக வேண்டும் என்பவருக்கு ஒரு தகவல்: 2022 ஏப்ரலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. ஒன்று நேரடியாகவும் மற்றொன்று தொலைநிலையிலோ இணையவழியிலோ இருந்தால் அந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் வேலைக்கு எடுப்பவர் பல்கலைக்கழகச் சான்றிதழைப் புரட்டுவதற்கு முன் ஜேஎல்பிடி மதிப்பெண்ணைத்தான் கேட்பார்.

ஜேஎல்பிடி என்னும் அளவுகோல்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010 முதல் ஐந்து நிலைகளாக நடக்கிறது. என்5 எளியது, என்1 கடினமானது. ஜூலை முதல் ஞாயிறும் டிசம்பர் முதல் ஞாயிறும் தேர்வு. நமக்கு அருகிலுள்ள பழகிய மையம் சென்னை. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் அமைப்பான ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் அங்கே தேர்வை நடத்துகிறது. மொழி வகுப்புகளும் நடத்துகிறது.

மொத்தம் 180 மதிப்பெண். என்5க்கு 80, என்4க்கு 90, என்3க்கு 95, என்2க்கு 90, என்1க்கு 100 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மொத்தம் மட்டும் போதாது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. கேட்டல் பகுதியில் 60க்கு 19 வராவிட்டால், மற்றவற்றில் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். வீட்டிலேயே புத்தகம் வைத்துப் படிக்கும் நம் மாணவர்கள் சறுக்குவது இந்த இடத்தில். நாளும் அரை மணி நேரம் காதில் ஜப்பானிய மொழி விழ வேண்டும். மலையடிவாரத்தில், குறிப்பாகக் காரையார்ப் பக்கம், கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது. ஒலிப்பதிவுகளை ஊருக்குள் இருக்கும்போதே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்பையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும் நேரம் இதற்கு நல்ல நேரம்.

இந்தத் தேர்வில் பேசுவதும் எழுதுவதும் கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதனால் என்3 தேர்ச்சி பெற்றும் நேர்காணலில் வாய் திறக்க முடியாதவர்கள் உண்டு. படிக்கும் முதல் வாரத்திலிருந்தே சத்தமாகப் பேசிப் படியுங்கள். கூடப் படிக்க ஒரு தோழியோ தோழனோ கிடைத்தால், ஆற்றுக்குக் குளிக்கப் போகும் வழியில் பேசிக்கொண்டே போங்கள். ஊரார் பார்த்தால் பார்க்கட்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? 2009 வரை இருந்த பழைய நான்கு நிலைத் தேர்வில் அடிநிலைக்கு 150 மணி, அடுத்ததற்கு 300, அதற்கடுத்து 600, மேல்நிலைக்கு 900 மணி நேரப் படிப்பு என்று வழிகாட்டியிருந்தார்கள். இன்றைய என்3 அந்த 300க்கும் 600க்கும் நடுவில் நிற்கிறது. காஞ்சி என்னும் சீனவழி எழுத்துகளை அறியாத நமக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் விடாமல் படித்தால் நான்கு ஐந்து மாதத்தில் என்5, ஓராண்டுக்குள் என்4, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்குள் என்3 என்பது நேர்மையான கணக்கு. "ஆறு மாதத்தில் என்3" என்று விளம்பரம் செய்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கல்லூரியில் சேரும்போதே தொடங்குபவருக்கு இது வசதியாக அமைகிறது. முதலாண்டு முடியும் ஜூலையில் என்5, அடுத்த ஜூலையில் என்4, மூன்றாம் ஆண்டு டிசம்பரில் என்3. பட்டமும் என்3யும் ஒன்றாகக் கையில் வரும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதில் ஒரு பங்கைத் தேர்வுக் கட்டணத்துக்கென்று தனியே வைத்தால் வீட்டில் கேட்க வேண்டியிருக்காது.

வேலை தேடுபவரின் நிலை வேறு. அவர் ஏற்கெனவே டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, காவலர் தேர்வு என்று ஏதோ ஒன்றில் இருப்பார். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டே என்5, என்4 படிக்க முடியும். காலையில் மொழி, பிறகு பொது அறிவு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். ஆனால் குரூப் 2 முதன்மைத் தேர்வையும் என்3யையும் ஒரே பருவத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பருவத்தில் மொழியை நாளுக்கு இருபது நிமிடம் மட்டும் வைத்து, படித்ததை மறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலை கிடைத்துவிட்டால் மொழியை விடாதீர்கள். கிடைத்த வேலை எதுவானாலும் சேர்ந்துவிடுங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் இரண்டாண்டு ஒரே இடத்தில் ஒழுங்காக வேலை பார்த்தவரை மதிக்கும். வீட்டில் சும்மா இருந்து மொழி மட்டும் படித்தவரைவிட, அம்பையில் ஒரு கணக்காளரிடம் வேலை பார்த்துக்கொண்டே என்3 முடித்தவரின் விண்ணப்பம் வலுவாக இருக்கும்.

தமிழ் வழியாகப் படிப்பது

நம்மிடம் உள்ள பெரிய வசதி நம் தமிழ்தான், பெரும்பாலான வகுப்புகளில் இதைப் பயன்படுத்துவதே இல்லை. மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு மிக நெருக்கமானது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'நேற்று வந்த பையன்' என்பதை நாம் சொல்லும் அதே வரிசையில் அவர்களும் சொல்வார்கள். 'செய்து பார்', 'செய்து விடு', 'செய்து வை', 'செய்து வா' என்று நாம் துணைவினை சேர்ப்பதுபோலவே அவர்களும் சேர்க்கிறார்கள், பெரும்பாலும் அதே பொருளில். இந்த வடிவங்களை ஆங்கில விளக்கத்தில் படித்தால் தலை சுற்றும். தமிழில் ஒரு முறை எழுதிப் பார்த்தால் ஒரே மாலையில் பிடிபடும். ஆகவே இலக்கணக் குறிப்பேட்டில் ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்துக்கும் கீழே தமிழை எழுதுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் குறிப்பைத் தமிழில் எடுங்கள்.

ஒன்றில் மட்டும் தமிழைத் தள்ளி வையுங்கள். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். அவர்களுக்குக் கடுமையான ஒலியும் மென்மையான ஒலியும் எழுத்திலேயே வேறுபடும். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தென்கி' ஆகிவிடும். அவர்களின் ஒலியெழுத்து வரிசைகளான ஹிரகானா, கதகானா இரண்டும் அடிப்படையில் 46, 46 எழுத்துகள். இரண்டே வாரத்தில் முடிந்துவிடும், அதை முதலில் முடியுங்கள்.

காஞ்சிதான் நெடும் பயணம். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வரையறுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. என்5க்குச் சுமார் 100, என்4க்கு 300, என்3க்கு 650 தெரிந்தால் போதும் என்பது நடைமுறைக் கணக்கு. நாளுக்கு இரண்டு எழுத்து வீதம் கையால் எழுதிப் பழகினால் ஓராண்டில் 650ஐத் தாண்டிவிடலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐம்பது எழுத்து படித்தவருக்கு மறு ஞாயிறு ஐந்துகூட நினைவிருக்காது.

புத்தகத்துக்குப் பெரிய செலவு இல்லை. தமிழ்நாட்டு வகுப்புகளில் பெரும்பாலும் 'மின்னா நோ நிஹோங்கோ'தான். முதல் 25 பாடம் என்5க்கு, ஐம்பதும் முடித்தால் என்4க்கு. ஜப்பான் பவுண்டேஷன் வெளியிட்ட 'இரோதோரி' என்ற பாடநூலை ஒலிப்பதிவோடு இலவசமாகத் தரவிறக்கலாம். ஜப்பானில் வாழப்போகிறவருக்காகவே எழுதப்பட்ட நூல் அது: கடையில் கேட்பது, மருத்துவரிடம் சொல்வது, குப்பையைப் பிரித்துப் போடுவது எல்லாம் அதில் உண்டு. அதே நிறுவனத்தின் 'மினாதோ' இணையதளத்தில் இலவசப் படிப்புகளும் உண்டு. என்4 வரை ஊரிலிருந்தே இவற்றை வைத்துப் படிக்கலாம். என்3க்கு ஓர் ஆசிரியர் தேவைப்படுவார். இணையவழி வகுப்பு போதும், சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை.

பட்டம் இல்லாத வழியும் அதன் எல்லையும்

என்4 தேர்ச்சியும், ஒரு துறையின் திறன் தேர்வும் முடித்தால் 'குறிப்பிட்ட திறன்' விசாவில் போகலாம். என்4க்குப் பதிலாக ஜேஎப்டி–பேசிக் என்ற கணினித் தேர்வில் 250க்கு 200 எடுத்தாலும் சரி. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், கட்டுமானம் உள்ளிட்ட துறைகள் இதில் உண்டு. பராமரிப்பு வேலைக்கு அத்துறைக்கான மொழித் தேர்வு ஒன்றையும் கூடுதலாக எழுத வேண்டும். இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் இந்த விசா வகைக்கு ஒப்பந்தம் செய்தன. சம்பளம் அங்குள்ள ஜப்பானியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது விதி. முதல் நிலையில் மொத்தம் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பராமரிப்பு வேலையில் மூன்றாண்டு அனுபவத்தோடு உரிய பயிற்சியும் பெற்று அரசுத் தேர்வில் வென்றால் வேறு விசாவுக்கு மாறலாம், குடும்பமும் வரலாம். நர்சிங் முடித்து உள்ளூர்ச் சம்பளத்தில் தவிக்கும் பெண்களுக்கு இது மதிப்புள்ள வழி. ஆனால் அங்கே செய்யப்போவது முதியவரைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, தூக்கி அமர வைப்பது ஆகிய வேலைகள். செவிலியர் பணி அல்ல. இதை முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பழைய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைக் கலைத்துவிட்டு 2027 ஏப்ரல் முதல் புதிய திட்டம் கொண்டுவர ஜப்பான் சட்டம் இயற்றிவிட்டது. பழைய திட்டத்தைச் சொல்லி ஆள் சேர்ப்பவரிடம் அதன்பின் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

நான் மிகவும் அஞ்சும் வழி ஒன்று இருக்கிறது: கடன் வாங்கி ஜப்பானில் மொழிப் பள்ளிக்குப் போவது. அங்கே ஆண்டுக் கட்டணம் 7 முதல் 9 லட்சம் யென் வரை ஆகும். மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். 2025 நிதியாண்டில் ஜப்பானின் சராசரிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,121 யென். வாரத்துக்கு 31,000 யென், மாதத்துக்கு ஒன்றேகால் லட்சம் யென் அளவில் வரும். வாடகையும் சாப்பாடும் போனபின் அதில் கட்டணத்துக்கு மிச்சம் பிடிப்பது மிகக் கடினம், ஊர்க் கடனுக்கு வழியே இல்லை. "பார்ட் டைம் வேலையிலயே எல்லாம் கட்டிரலாம்" என்று சொல்பவரை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நகையை அடகு வைத்து இந்த வழியில் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று பெற்றோரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இமைகிரேட் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், ரசீது தர வேண்டும். 'குறிப்பிட்ட திறன்' விசாவில் காப்புத்தொகை வாங்குவதையும், பாதியில் விட்டால் அபராதம் என்று எழுதி வாங்குவதையும் ஜப்பானிய விதிகள் தடுக்கின்றன. சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. தனியார் முகவரிடம் போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

காகிதங்கள்

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நம்மவருக்கு மட்டும் வரும் சிக்கல் இது: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். கவிதா' என்று இருக்கும். ஆதாரில் 'கவிதா எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயரில் நிற்கும். ஜப்பானியப் படிவங்களில் குடும்பப் பெயர் முதலில் வரும், இனிஷியலுக்கு இடமே இல்லை. முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. அதில் உள்ள பெயரையே ஜேஎல்பிடி விண்ணப்பத்திலும் எழுதுங்கள். ஆதாரையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் இருந்தால் பரவாயில்லை, இரண்டும் ஒருவரே என்பதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்த நிலை, எந்த மாதம், எந்த ஆண்டு, எத்தனை மதிப்பெண் என்று தெளிவாக எழுதுங்கள். "ஜப்பானிய மொழி தெரியும்" என்று மட்டும் எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். என்5 மட்டும் இருந்தால் அதையும் போடுங்கள், ஆனால் அதை வைத்து மொழி வேலைக்கு விண்ணப்பிக்காதீர்கள். என்5 ஆர்வத்துக்குச் சான்று. சம்பளத்தில் வித்தியாசம் தெரிவது என்3 முதல், நன்றாகத் தெரிவது என்2வில். ஜப்பானில் புதிய பட்டதாரிகள் ஏப்ரலில் வேலைக்குச் சேர்கிறார்கள். அதற்கான ஆளெடுப்பு முந்தைய ஆண்டே முடிந்துவிடும். நம் தேர்வு முடிவு ஏப்ரல், மே கடந்துதான் வரும். ஆகவே அங்கே நேராக வேலை தேடுபவர் அடுத்த ஏப்ரலைக் குறிவைத்து இறுதியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அக்டோபரில் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களைத் தேட வேண்டும்.

டிசம்பர் தேர்வுக்கான பதிவு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலும், ஜூலை தேர்வுக்கான பதிவு மார்ச், ஏப்ரல் வாக்கிலும் நடக்கும். பதிவு திறந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நெல்லை எக்ஸ்பிரசிலோ, தென்காசி வழியாகப் போகும் பொதிகையிலோ தேர்வுக்கு இரண்டு நாள் முந்தைய இரவுக்கு டிக்கெட் எடுங்கள். சனிக்கிழமை சென்னையில் தேர்வு மையத்தைப் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்கி, ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்குப் போங்கள்.